உபுண்டு 24.04இல கூடா (CUDA) போடுற கதை: வாசகர் கேள்வி பதில்

முதல்ல ஒரு சொல்லு. கொமாண்டுகளை இந்தப் பக்கத்தில உச்சரிப்புப்படி தமிழில எழுதுறன், நீங்கள் டெர்மினலில ஆங்கில எழுத்தில தட்டுங்கோ. இந்தமுறை வந்த கடிதங்களில கனக்க கிராஃபிக்ஸ் கார்ட் பற்றித்தான், அதால முழுப் பக்கத்தையும் அதுக்கே விட்டிருக்கிறன். உபுண்டு எண்டது லினக்ஸ் வகை ஒப்பரேட்டிங் சிஸ்டம், 22.04, 24.04 எண்டது அதின்ர வேர்ஷன்கள். கூடா எண்டது என்விடியா கார்ட்டைப் படம் காட்டுறதோட கணக்கும் செய்ய வைக்கிற மென்பொருள்.

கேள்வி: வணக்கம் அண்ணை, என்ர ஊர் பரந்தன், அறிவியல்நகரில படிக்கிறன். எங்கட அம்மப்பா கதைச்சதைப் போன வருசம் போனில ரெக்கோர்ட் பண்ணி வைச்சனான், எல்லாமா 9 மணித்தியாலம் வரும். முத்தையன்கட்டுக் குளத்தடியில காடு வெட்டிக் காணி எடுத்தது, தேனுக்குப் போனது, பண்டிக் காவலுக்குப் பரணில கிடந்தது எல்லாம் அதில இருக்கு. இப்ப அவர் இல்லை. அதை எழுத்தாக்க வேணும் எண்டு, பேச்சைக் கேட்டு எழுதித் தாற விஸ்பர் எண்ட புரோகிராமைப் போட நினைச்சன். லப்டொப்பில ஜிடிஎக்ஸ் 1650 கார்ட், 4 ஜிபி. உபுண்டு 24.04 வந்திருக்கெண்டு அதைப் போட்டிட்டு ஒரு வீடியோவைப் பாத்துப் பாத்து கூடா இன்ஸ்டால் பண்ணினன், லிப்டின்ஃபோ5 எண்ட லைப்ரரி இல்லை எண்டு சொல்லி நிண்டுட்டுது. பேந்து என்விடியாவின்ர தனி இன்ஸ்டாலரான ரன் ஃபைலை எடுத்துப் போட்டன், ரீஸ்டார்ட் பண்ணினாப் பிறகு கார்ட்டின்ர நிலையைக் காட்டுற என்விடியா-எஸ்எம்ஐ எண்ட கொமாண்டை அடிச்சா டிரைவரோட கதைக்க ஏலாமல் இருக்கெண்டு வருது. ரெண்டு நாளில டேட்டா எல்லாம் முடிஞ்சுது. திரும்ப 22.04க்கே போகட்டா?

பதில்: போகத் தேவையில்லை தங்கச்சி. உங்கட கார்ட்டும் சரி, 24.04உம் சரி, பிழை நீங்கள் பாத்த வழிகாட்டியிலதான், அது 22.04க்குச் செய்த வழிகாட்டி. அதை விடப் பெரிய விசயம் என்னெண்டா உங்கட வேலைக்கு அந்த 4 ஜிபி டூல்கிட்டே தேவையில்லை, இதை ஒருத்தரும் முதல்ல சொல்லுறேல்ல எண்டதுதான் எனக்குக் கவலை. எங்கட பக்கத்துப் பிள்ளையள் டேட்டாவை ரீலோட் போட்டுப் போட்டு எடுக்கிறவை, இரவு 12 மணிக்குப் பிறகு பாக்கேஜ் மலிவெண்டு நித்திரை முழிச்சிருந்து இறக்குறவை, அவையிட்ட "முதல்ல கூடா டூல்கிட்டைப் போடு" எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது.

என்ன நடந்ததெண்டு விளங்கிக்கொண்டா மற்றது சுகம். கூடா எண்டு நாங்கள் ஒரு பேரில சொல்லுறது உண்மையில 3 தட்டு. அடியில இருக்கிறது டிரைவர், அது கேர்னல் எண்ட உபுண்டுவின்ர அடிப்படைப் பகுதியோட ஒட்டி இருந்து கார்ட்டை வேலை செய்ய வைக்கிறது. அதுக்கு மேல ரன்டைம் லைப்ரரியள், கூப்ளாஸ், கூடிஎன்என் மாதிரியானவை, புரோகிராம் ஓடேக்க கணக்குச் செய்யிறது இவைதான். மூண்டாவது டூல்கிட், அதுக்குள்ள என்விசிசி எண்ட கொம்பைலர், பிழை பாக்கிற கருவியள், வேகம் அளக்கிற கருவியள் எல்லாம் கிடக்கும், இது கூடாவில சொந்தமாக் கோட் எழுதுறவருக்கு. விஸ்பரையோ பைடோர்ச் எண்ட ஏஐ லைப்ரரியையோ ஓட்டுறவருக்கு முதல் ரெண்டும் காணும், அதிலயும் ரெண்டாவதை பைடோர்ச் பிப்பால (பைதன் பொதியளை இறக்கிற கருவி) இறக்கேக்க தன்னோடயே கொண்டு வந்திடும். ஆக நீங்கள் கையால போட வேண்டியது டிரைவர் ஒண்டுதான். குளத்தில துரிசு திறக்காமல் வாய்க்காலை எவ்வளவு வடிவா வெட்டினாலும் வயலுக்குத் தண்ணி வராது, அந்தத் துரிசுதான் டிரைவர்.

இப்ப லிப்டின்ஃபோ5 கதை. 24.04 வெளிவந்தது 2024 ஏப்ரல் 25. அண்டைக்கு என்விடியாவிட்ட அதுக்கெண்டு தனி ரெப்போ (பொதியளை இறக்கிற இடம்) இல்லை, 22.04க்கு உரியதுதான் இருந்தது, சனம் பொறுக்காமல் அதையே 24.04இல போட வெளிக்கிட்டுது. அந்த ரெப்போவில டூல்கிட்டைக் கேட்டா அதோட என்சைட் சிஸ்டம்ஸ் எண்ட வேகம் அளக்கிற கருவியும் சேர்ந்து வரும், அந்தக் கருவிதான் லிப்டின்ஃபோ5ஐக் கேக்குது, 24.04இல இருக்கிறது லிப்டின்ஃபோ6. அவ்வளவுதான் சண்டை. உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு கருவிக்காக முழு இன்ஸ்டலேசனும் நிண்டிருக்கு பாருங்கோ. இதுக்கு இணையத்தில கன பேர் சொல்லுற மருந்து, 22.04இன்ர ரெப்போ வரியை 24.04இன்ர லிஸ்டுக்க சேர்த்து விடுறது. தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. அண்டைக்கு வேலை செய்யிற மாதிரித்தான் இருக்கும், பிறகு ஒரு நாள் அப்டேட் அடிக்கேக்க எந்தப் பொதி எந்த வேர்ஷனில இருந்து வருதெண்டு உங்களுக்கும் தெரியாது, மெசினுக்கும் தெரியாது.

நான் இதைப் பட்டுத்தான் சொல்லுறன். 2022இல 22.04 வந்த கையோட நான் 20.04இன்ர ரெப்போவைக் கலந்து போட்டன், கரண்ட் வெட்டும் எண்ணெய் வரிசையுமா இருந்த காலம், கரண்ட் இருக்கிற நேரத்துக்குள்ள முடிப்பம் எண்ட அவசரம். டிரைவர் பாதி புதுசு பாதி பழசா ஏறி, அடுத்தநாள் திரை கறுப்பா நிண்டுட்டுது. ரெக்கவரி மோடால உள்ள போய் எல்லாத்தையும் கழட்டிப் போட எனக்கு ரெண்டு நாள் மினக்கெட்டது. அண்டையில இருந்து ஒரு வழக்கம் வைச்சிருக்கிறன், டிரைவரை உபுண்டுவிட்ட இருந்து மட்டும்தான் எடுக்கிறது.

சரி, உங்கட மெசினைத் துப்பரவாக்குவம். ரன் ஃபைலால போட்டதை ஆப்டால (உபுண்டுவின்ர பொதி போடுற கருவி) கழட்ட ஏலாது, அதுக்குத் தனி வழி இருக்கு: யூஎஸ்ஆர், லோக்கல், கூடா எண்டு தொடங்கிற ஃபோல்டருக்க பின் எண்டொரு ஃபோல்டர் இருக்கும், அதில கூடா-அன்இன்ஸ்டாலர் கிடக்கும், அதை சுடோவோட (அட்மின் அதிகாரத்தோட) ஓட்டுங்கோ. ரன் ஃபைல் டிரைவரையும் போட்டதெண்டா சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால். உங்களுக்கு என்விடியா-எஸ்எம்ஐ கதைக்க ஏலாமல் நிக்கிறது அனேகமா இந்த ரன் ஃபைல் டிரைவராலதான், புதுக் கேர்னல் வரேக்க டிரைவரைத் திரும்பக் கட்டுற டிகேஎம்எஸ் இல்லாமல் அது ஒரு கேர்னலுக்கு மட்டும் கட்டுப்பட்டு நிக்கும், உபுண்டு கேர்னலை அப்டேட் பண்ணினாப் பிறகு அது அநாதை. மற்றக் காரணம் செக்யூர் பூட், அதைக் கீழ இன்னொரு தம்பிக்குச் சொல்லியிருக்கிறன், வாசியுங்கோ. பிறகு முதல் தரம் ஆப்டால ஏறினதுகளையும் என்விடியா, கூடா எண்டு பேர் தொடங்கிறதுகளையும் ஆப்ட் பர்ஜால எடுத்திட்டு, சோர்ஸஸ் லிஸ்ட் டி எண்ட ஃபோல்டருக்க நீங்கள் சேர்த்த கூடா ரெப்போ ஃபைலையும் அழியுங்கோ. பர்ஜ் அடிக்கேக்க எதை எதைக் கழட்டப் போறன் எண்டு ஒரு நீளப் பட்டியல் காட்டும், அதை வாசிக்காமல் ஆங்கில வை எழுத்தை அடிக்காதேங்கோ, டெஸ்க்டொப்பின்ர பேர் அதுக்க வந்தா நிப்பாட்டுங்கோ.

இனி சுடோ ஆப்ட் அப்டேட், அதுக்குப் பிறகு உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ் எண்டு அடிக்க உங்கட கார்ட்டுக்கு எது பொருத்தம் எண்டு அதுவே சொல்லும், ரெகமெண்டெட் எண்டு ஒண்டுக்குப் பக்கத்தில இருக்கும். சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் அடிச்சா அதைப் போட்டிடும். ரீஸ்டார்ட் பண்ணி என்விடியா-எஸ்எம்ஐ அடியுங்கோ, பெட்டி பெட்டியா ஒரு அட்டவணை வந்து ஜிடிஎக்ஸ் 1650 எண்டு எழுதியிருந்தா துரிசு திறந்திட்டுது.

இதில ஒரு இடத்தில கன பேர் குழம்புறவை. அந்த அட்டவணையின்ர மேல் வலது மூலையில கூடா வேர்ஷன் எண்டு ஒரு இலக்கம் இருக்கும், டிரைவர் 535 எண்டா 12.2 எண்டு காட்டும், 550 எண்டா 12.4. அதைப் பாத்திட்டு "நான் கூடாவே போடேல்ல, எப்பிடி வந்தது" எண்டு கேட்டவையும் இருக்கினம், "ஓ கூடா இருக்கு" எண்டு நினைச்சு என்விசிசியைத் தேடினவையும் இருக்கினம். அது உள்ள இருக்கிற கூடா இல்லை, இந்த டிரைவரால ஆகக் கூடினது எந்தக் கூடா மட்டும் தாங்க ஏலும் எண்ட அளவு. டூல்கிட் இருக்கோ எண்டு பாக்கிறதெண்டா என்விசிசி மைனஸ் மைனஸ் வேர்ஷன் எண்டுதான் அடிக்க வேணும். உங்களுக்கு அது "அப்பிடி ஒரு கொமாண்ட் இல்லை" எண்டு சொன்னாலும் பரவாயில்லை.

அடுத்தது பைதன். 24.04இல வாறது பைதன் 3.12, நேரா பிப் இன்ஸ்டால் அடிச்சா எக்ஸ்டேர்னலி மேனேஜ்ட் எண்டு சொல்லி மறுத்திடும். பழைய வழிகாட்டியள் பாத்துச் செய்யிற ஆக்கள் இதிலயும் தடக்குப்படுவினம். பிரேக் சிஸ்டம் பக்கேஜஸ் எண்டு ஒரு ஒப்சனைச் சேர்த்தா போகும் எண்டு சொல்லுவினம், அந்த ஒப்சனின்ர பேரே என்ன நடக்கப் போகுதெண்டு சொல்லுதுதானே, வேண்டாம். பைதன்3-விஎன்வி எண்ட பொதியைப் போட்டு, உங்கட வீட்டு ஃபோல்டருக்க ஒரு விஎன்வி (பைதனுக்கெண்டு தனி இடம்) செய்து அதுக்குள்ள வேலை செய்யுங்கோ. பிழைச்சா அந்த ஃபோல்டரை மட்டும் அழிச்சாக் காணும், மெசினுக்கு ஒண்டும் ஆகாது.

விஸ்பர் பற்றி. உங்கட கார்ட்டில 4 ஜிபிதான். விஸ்பரைச் செய்தவை போட்டிருக்கிற கணக்குப்படி ஸ்மோல் மொடலுக்கு 2 ஜிபி, மீடியத்துக்கு 5, லார்ஜுக்கு 10 வேணும். ஸ்மோல் உங்கட கார்ட்டில ஓடும், ஆனா தமிழுக்கு அது காணாது, அதுவும் அம்மப்பாவின்ர வன்னிப் பேச்சுக்குக் காணவே காணாது. அதால ஃபாஸ்டர் விஸ்பர் எண்டதைப் போடுங்கோ, அதில கம்ப்யூட் டைப்பை இன்ட்8 எண்டு குடுத்தா மெமரி நல்லாக் குறையும், மீடியம் உங்கட 4 ஜிபிக்குள்ள இருக்கும். அதுக்கு பைடோர்ச்சும் தேவையில்லை, கூப்ளாஸும் கூடிஎன்என்உம்தான் கேக்கும், ரெண்டையும் பிப்பாலயே விஎன்விக்குள்ள எடுக்கலாம். எடுத்தாப் பிறகும் லைப்ரரி காணேல்ல எண்டு சொன்னா அந்த ரெண்டும் கிடக்கிற ஃபோல்டரை எல்டி லைப்ரரி பாத் எண்ட வேரியபிளில சொல்லிவிட வேணும், இதில கன பேர் நிண்டு போறவை. கூடிஎன்என்இல எந்த இலக்கத்தைக் கேக்குதெண்டு ஃபாஸ்டர் விஸ்பரின்ர குறிப்பைப் பாத்து அதையே எடுங்கோ, புதுசுதானே நல்லது எண்டு மாத்தி எடுத்தா திரும்ப அதே சண்டைதான்.

டேட்டாவுக்கு வழி சொல்லுறன். கம்பஸில நெட் இருக்குத்தானே, அங்க லினக்ஸும் அதே பைதன் 3.12உம் இருக்கிற மெசின் ஒண்டில பிப் டவுன்லோட் மைனஸ் டி எண்டு ஒரு ஃபோல்டரைக் குடுத்தா தேவையான எல்லாப் பொதியும் அதுக்க இறங்கும், பென் டிரைவில கொண்டு வந்து வீட்டில பிப் இன்ஸ்டாலுக்கு நோ இன்டெக்ஸ், ஃபைண்ட் லிங்ஸ் எண்டு ரெண்டு ஒப்சனையும் சேர்த்து அந்த ஃபோல்டரைக் காட்டினா நெட் இல்லாமலே ஏறும். மொடல் ஃபைலையும் அங்கயே இறக்கிக்கொண்டு வாங்கோ. பெரிய ஃபைலை வீட்டில இறக்கத்தான் வேணும் எண்டா டபிள்யூகெட் மைனஸ் சி, கரண்ட் போய் அறுந்தாலும் விட்ட இடத்தில இருந்து தொடரும்.

பாத்துக்கொள்ளுங்கோ, விஸ்பர் 30 செக்கன் 30 செக்கனாத்தான் கேக்கிறது. ஆள் கதைக்காமல் யோசிச்சுக்கொண்டு இருக்கிற இடங்களில அது சும்மா இருக்காது, முன்னுக்குச் சொன்ன வசனத்தையே திருப்பித் திருப்பி எழுதும், இல்லாட்டி ஆரும் சொல்லாததை எழுதும். ஃபாஸ்டர் விஸ்பரில விஏடி ஃபில்டர் எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போட்டா கதையில்லாத இடத்தைத் தாண்டிப் போகும். மொழியைத் தமிழ் எண்டு நீங்களே குடுங்கோ, கண்டுபிடிக்க விடாதேங்கோ. எண்டாலும் பரண், பட்டி, துரிசு, அலைகரை, பண்டி மாதிரிச் சொல்லுகளை அது பிழையாத்தான் எழுதும், அந்த இடங்களை நீங்கள் காதால கேட்டுக் கையால திருத்த வேணும், அம்மம்மா இருந்தா அவவைப் பக்கத்தில இருத்திக் கேளுங்கோ. அவர் "எண்டு" எண்டு சொன்னதை "என்று" எண்டு திருத்தாதேங்கோ. மூல ஒலி ஃபைலை ரெண்டு இடத்தில கொப்பி எடுத்து வைச்சிட்டுத்தான் இதெல்லாத்தையும் தொடங்க வேணும், இதை ஏன் கடைசியாச் சொல்லுறன் எண்டு தெரியேல்ல, முதலே சொல்லியிருக்க வேணும்.

கேள்வி: அண்ணா, நான் வவுனியா, பம்பைமடுவில படிக்கிறன். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, 24.04. எனக்கு உண்மையாவே கூடாவில சி++ கோட் எழுத வேணும், ஃபைனல் இயர் புரொஜெக்ட். டிரைவர் போட்டன், ஒரு பிழையும் காட்டேல்ல, ஆனா ரீஸ்டார்ட் பண்ணினா டிரைவர் ஏறுதில்லை. நீலத் திரை ஒண்டு வந்தது, என்னெண்டு தெரியாமல் கன்டினியூ குடுத்திட்டன்.

பதில்: அந்த நீலத் திரையிலதான் தம்பி விசயம் இருந்தது. உங்கட மெசினில செக்யூர் பூட் ஓனா இருக்கு, கையெழுத்து இல்லாத எந்த மொட்யூலையும் கேர்னல் உள்ள விடாது. டிரைவர் டிகேஎம்எஸ்ஸால உங்கட மெசினிலயே கொம்பைல் ஆகேக்க ஒரு சாவியைச் செய்து அதால கையெழுத்துப் போடும், அந்தச் சாவியை நம்பலாம் எண்டு மெசினுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும், அதுக்குத்தான் இன்ஸ்டால் பண்ணேக்க ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. ரீஸ்டார்ட் ஆகேக்க வாற நீலத் திரையில என்ரோல் எம்ஓகே எண்டதை எடுத்து, கன்டினியூ, யெஸ், அந்தப் பாஸ்வேர்டை அடிச்சு ரீபூட் குடுக்க வேணும். அது கொஞ்ச நேரம்தான் நிக்கும், ஒண்டும் அமத்தாட்டி தன்பாட்டில போயிடும். திரும்ப வரப்பண்ண சுடோ எம்ஓகேயுடில் மைனஸ் மைனஸ் இம்போர்ட் எண்டு அடிச்சு, வார், லிப், ஷிம்-சைன்ட், எம்ஓகே எண்ட பாதையில இருக்கிற எம்ஓகே டாட் டிஇஆர் எண்ட சாவியைக் குடுங்கோ. பாஸ்வேர்டை எண்ணாலயும் சின்ன எழுத்தாலயும் வையுங்கோ, அந்தத் திரையில கீபோர்ட் லேஅவுட் மாறியும் இருக்கும்.

உங்களுக்கு டூல்கிட் வேணும்தான். என்விடியா 24.04க்கெண்டு தனி ரெப்போவை 12.5 அப்டேட் 1ஓட குடுத்திட்டுது, அதால அதில இருந்தே எடுங்கோ. ஒரு இடம் மட்டும் கவனம்: ஆப்ட் இன்ஸ்டால் கூடா எண்டு வெறுமன அடிக்காதேங்கோ, அது டிரைவரையும் இழுத்துக்கொண்டு வந்து உபுண்டு போட்ட டிரைவரோட முட்டும். கூடா-டூல்கிட்-12-5 எண்டு இலக்கத்தோட அடியுங்கோ, அது டூல்கிட்டை மட்டும்தான் போடும். உங்கட டிரைவர் 525க்கு மேல எண்டா கூடா 12 வரிசை எல்லாத்துக்கும் அனேகமாக் காணும். பேந்து யூஎஸ்ஆர் லோக்கல் கூடா பின் எண்ட பாதையை பாஷ்ஆர்சியில பாத்தோட சேர்த்தாத்தான் என்விசிசி தெரியவரும். உபுண்டு தன்ர ரெப்போவில வைச்சிருக்கிற என்விடியா-கூடா-டூல்கிட் எண்ட பொதி 12.0, அது ஜிசிசி 12ஐப் பாவிக்கும், படிக்கிறதுக்கு அதுவும் பாவமில்லை, ஆனா உங்கட லெக்சரர் குடுத்த கோட் புதுசைக் கேட்டா நிண்டிடும். பழைய 11.8தான் வேணும் எண்டு ஆரும் கேட்டா அதுக்கு ஜிசிசி 11 வேணும், 24.04இன்ர இயல்பான ஜிசிசி 13ஓட அது ஒத்துவராது, ஜிசிசி-11ஐத் தனியாப் போட்டு என்விசிசிக்கு சிசிபின் எண்ட ஒப்சனால காட்ட வேணும்.

கேள்வி: புதுக்குடியிருப்பில இருந்து எழுதுறன். பழைய கொம்பியூட்டருக்கு ஜிடி 710 ஒண்டு பாவிச்சது மலிவா எடுத்தனான், கடைக்காரர் ஏஐ படிக்கக் காணும் எண்டார். எதைப் போட்டாலும் கூடா வேலை செய்யுதில்லை.

பதில்: மனம் நோகாதேங்கோ தம்பி, அது உங்கட பிழை இல்லை. ஜிடி 710 கெப்ளர் எண்ட பழைய தலைமுறைக் கார்ட், கூடா 12 வந்தோட கெப்ளரைக் கைவிட்டாச்சு, 11 வரிசையோட அதுக்கு முடிஞ்சுது, டிரைவரும் 470ஓட நிண்டது. திரைக்குப் படம் காட்ட, வீடியோ பாக்க அது நல்லாப் பாவிக்கலாம், கழட்டி எறிய வேண்டாம். படிக்கிறதுக்கு, இணையத்தால கூகிளின்ர மெசினில கோட் ஓட்டுற கூகிள் கோலாப் எடுங்கோ, சும்மா தாற கணக்கிலயே டி4 கார்ட் கிடைக்கிற நேரங்கள் இருக்கு, அதில 16 ஜிபி மெமரி, கோட் மட்டும்தான் போய் வாறதால டேட்டாவும் பெரிசாப் போகாது, உங்கட படங்களை ஏத்திறதுக்குத்தான் போகும். இனி பாவிச்ச கார்ட் எடுக்கிறதெண்டா பேரை மட்டும் பாக்காதேங்கோ, ஜிடி 730 எண்ட ஒரே பேரில ஃபேர்மியும் இருக்கு கெப்ளரும் இருக்கு, ரெண்டும் உங்களுக்குச் சரிவராது. கம்ப்யூட் கேப்பபிலிட்டி எண்ட இலக்கத்தை என்விடியாவின்ர பட்டியலில பாருங்கோ, கூடா 12க்கு ஆகக் குறைஞ்சது 5.0 வேணும், ஆனா நான் சொல்லுவன் 7.5க்குக் கீழ காசு குடுக்காதேங்கோ. ஜிடிஎக்ஸ் 1650 அந்த 7.5இல நிக்குது. அதோட கடையில வைச்சே ஒரு உபுண்டு பென் டிரைவால பூட் பண்ணி எல்எஸ்பிசிஐ அடிச்சுப் பாத்திட்டு எடுங்கோ, ஸ்டிக்கரில எழுதினதுதான் உள்ள இருக்கெண்டு நிச்சயம் இல்லை.

கேள்வி: மல்லாவிப் பக்கம் பள்ளிக்கூடம் ஒண்டில ஐசிடி படிப்பிக்கிறன். லாப்பில எல்லாம் 22.04, கிராஃபிக்ஸ் கார்ட் ஒண்டும் இல்லை. 24.04க்கு மாத்தட்டோ?

பதில்: அவசரமே இல்லை ரீச்சர். 22.04க்கு 2027 ஏப்ரல் மட்டும் பாதுகாப்பு அப்டேட் வரும், பிள்ளையளுக்குப் பைதன் படிப்பிக்க அதுவே தாராளம். எல்டிஎஸ்ஸில (நீண்டகால ஆதரவு உள்ள வேர்ஷன்) இருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு மாற உபுண்டுவே 2024 ஆகஸ்டில 24.04.1 வந்தாப் பிறகுதான் கேக்கத் தொடங்கினது. மாத்திறதெண்டாலும் ஒரு மெசினில மட்டும் போட்டு, ஒரு தவணை ஓட்டிப் பாருங்கோ, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு, ப்ரொஜெக்டர் மூண்டும் ஒழுங்கா வேலை செய்தா மற்றதுகளை லீவில மாத்தலாம். தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் பொதியைப் போட மறந்திடாதேங்கோ, தமிழ்99 அதுக்கதான் இருக்கு.